புதுப்படம் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமர்சனம் எழுதுவது உங்கள் தொழில் இல்லை. வாரக் கடைசியில் ஒரு படம் பார்க்கிறீர்கள், நண்பர்கள் குழுவிலோ சமூக வலைத்தளத்திலோ நாலு வரி எழுதுகிறீர்கள். இந்தப் பக்கம் உங்களுக்கானது. அந்த நாலு வரியை நம்பி இன்னொருவர் டிக்கெட் எடுக்கிறார், அல்லது எடுக்காமல் விடுகிறார். ஆகவே எது படத்தின் குறை, எது அரங்கின் குறை, எது உங்கள் எதிர்பார்ப்பின் குறை என்பது அதில் பிரிந்து தெரிய வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவைதான்.

சினிமாவைப் பற்றி எதுவும் படிக்காதவர் கருத்துச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். எந்த இடத்தில் சலித்தது, எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்பது உங்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. அதில் தப்பு வர வழியில்லை. தப்பு வருவது, அந்த உணர்வுக்கு நாம் கற்பிக்கிற காரணத்தில். "எனக்குச் சலித்தது" என்பது உண்மை. "எடிட்டிங் மோசம்" என்பது ஊகம். உணர்வை உறுதியாகச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லும்போது ஒரு காட்சியைக் கூடவே காட்டுங்கள். அப்படிச் செய்தால் ஊகம் தவறானாலும் படிப்பவர் தானே சரிபார்த்துக்கொள்வார்.

"படம் செம லேக்" என்று எல்லோரும் எழுதுகிறோம். உண்மையில் அது என்ன பிரச்சினை?

லேக் என்று நாம் சொல்வதில் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன.

முதலாவது, காட்சி வருகிறது, புதிய தகவல் வரவில்லை. தம்பி காணாமல் போகிறான், அக்கா தேடிப் போகிறாள் என்று ஒரு கதையை வைத்துக்கொள்வோம். அவள் மூன்று பேரை விசாரிக்கிறாள். மூன்று பேரும் "நேற்று மாலை வரை பார்த்தேன், பிறகு தெரியாது" என்றே சொல்கிறார்கள். விசாரணை ஒவ்வொன்றும் 4 நிமிடம்தான், விறுவிறுப்பாகவே வெட்டியிருக்கிறார்கள். இருந்தும் சலிக்கும். ஏனென்றால் முதல் ஆளைப் பார்த்தபோது நமக்குத் தெரிந்ததற்கு மேல் மூன்றாவது ஆளிடம் எதுவும் கிடைக்கவில்லை. இது திரைக்கதைக் குறை. எடிட்டர் ஒரு விசாரணையையே தூக்கலாமே தவிர, இல்லாத தகவலைச் சேர்க்க முடியாது.

இரண்டாவது, தகவல் இருக்கிறது, ஷாட் தேவைக்கு மேல் நிற்கிறது. கதவைத் திறக்கிறார், நடக்கிறார், உட்கார்கிறார், தண்ணீர் குடிக்கிறார், அதன் பிறகுதான் பேச ஆரம்பிக்கிறார். எடிட்டிங் என்று சொல்லத் தகுந்தது இதுதான். அதுவும் நிதானமாகச் செல்ல வேண்டும் என்று இயக்குநரே கேட்டிருக்கலாம்.

மூன்றாவது, அந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்றே நமக்குத் தெரியவில்லை. ஆபத்து என்ன, தோற்றால் என்ன போகும் என்பது புரியாதபோது கார் துரத்தல்கூட நீளமாகத் தோன்றும். சண்டைக் காட்சியில் கைக்கடிகாரம் பார்த்தீர்கள் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மெதுவாகப் போகும் படத்தையும் லேக் அடிக்கும் படத்தையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். மெதுவான படத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் சிறிய அளவில்.

"முதல் பாதி சூப்பர், இரண்டாம் பாதி சுமார்" என்பது சரியான விமர்சனமா?

உணர்வாகச் சரி. நோயறிதலாகப் பெரும்பாலும் தவறு. இடைவேளை விட்டாலும் விடாவிட்டாலும், முதல் பாதியின் வேலை கேள்விகளை எழுப்புவது. இரண்டாம் பாதி அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி எழுப்புவது சுலபம், அதனால் முதல் பாதி ஜோராக ஓடும். முடிச்சை அவிழ்க்க வேண்டிய நேரத்தில், அவிழ்க்கத் தேவையான பொருளை முன்பே வைக்கவில்லை என்பது தெரியவரும். வில்லன் திடீரென்று திருந்துகிறான், கதாநாயகிக்குத் திடீரென்று கணினி தெரிகிறது, நாயகனின் நண்பன் சரியான நேரத்தில் வந்து நிற்கிறான். இவை நடப்பது இரண்டாம் பாதியில், ஆனால் ஓட்டை இருப்பது முதல் பாதியில். ஆகவே இரண்டாம் பாதி பிடிக்கவில்லை என்றால், "இது நம்பும்படி இருக்க முன்னால் எதைக் காட்டியிருக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் அதையே எழுதுங்கள்.

படம் முழுக்க இருட்டாக இருந்தது. ஒளிப்பதிவாளர் தவறா, புரொஜெக்டர் தவறா?

இதை அரங்கிலேயே கண்டுபிடிக்கலாம். டிஜிட்டல் சினிமாவுக்கான பொதுத் தரத்தின்படி 2டி படத்தில் திரையின் வெள்ளைப் பகுதி 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது ஏறத்தாழ 48 நிட் பிரகாசத்தில் இருக்க வேண்டும் (இரண்டும் பிரகாசத்தை அளக்கும் அலகுகள்). புரொஜெக்டரில் இருக்கும் ஸீனான் விளக்கு ஓட ஓட மங்கும். மாற்றத் தாமதமானால் திரையும் மங்கும். 3டிக்குப் போடும் வடிப்பானைக் கழற்றாமல் 2டி படத்தை ஓட்டினால் ஒளியில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

சோதனை இப்படி: படத்துக்கு முன் வரும் ட்ரெய்லர்களைக் கவனியுங்கள். பகல் வெளிச்சக் காட்சிகள்கூட எல்லா ட்ரெய்லரிலும் மந்தமாக இருந்தால் குறை அரங்குடையது. அடுத்து, வெள்ளை எழுத்தில் பெயர்கள் ஓடும்போது எழுத்து பளிச்சென்று இருக்கிறதா, சாம்பலாகவோ மஞ்சளாகவோ தெரிகிறதா என்று பாருங்கள். சாம்பல் என்றால் அரங்கு. எழுத்து பளிச்சென்று இருந்து, இரவுக் காட்சிகளில் மட்டும் முகம் தெரியவில்லை என்றால் அது படம் எடுத்தவர்களின் முடிவு. அதைத் தாராளமாகக் குறை சொல்லலாம்.

பெயர் ஓடும்போது சின்ன எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஃபோகஸ் தெரிந்துவிடும். தலை வெட்டுப்பட்டாலோ சப்டைட்டிலின் கீழ் வரி காணாமல் போனாலோ, அகலமும் உயரமும் 1.85க்கு 1 என்ற விகிதத்தில் உள்ள படத்தை, இன்னும் அகலமான 2.39 அமைப்பில் ஓட்டுகிறார்கள். பல அரங்குகளில் காட்சி தானியங்கியாகவே ஓடுகிறது, அறையில் ஆள் இருப்பதில்லை. யாராவது எழுந்து போய்ச் சொல்லும்வரை குறை யாருக்கும் தெரியாது. முதல் 10 நிமிடத்துக்குள் சொன்னால் சரிசெய்யும் வாய்ப்பு அதிகம்.

வசனமே கேட்கவில்லை. யாரைக் குறை சொல்வது?

வசனத்தின் பெரும்பகுதி திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. வசனம், இசை, மற்ற ஒலிகளை ஒன்றுசேர்க்கும் கலவை அறையில் ஒரு குறிப்பிட்ட ஒலி அளவில் வைத்துத்தான் படத்தை மிக்ஸ் செய்கிறார்கள். அரங்கின் டால்பி ஒலிக்கருவியில் அந்த அளவு 7 என்ற எண். சத்தம் அதிகம் என்று யாராவது புகார் சொன்னதும் அரங்கில் அதை 5க்கு இறக்கிவைத்துவிடுவது உண்டு. இரண்டு எண்தானே என்று தோன்றும், ஆனால் சுமார் 6 முதல் 7 டெசிபல் குறைந்துவிடுகிறது. கிசுகிசுப்பாகப் பேசும் வசனம் முதலில் மூழ்கும்.

பின்னணி இசை, வெடிச்சத்தம் உட்பட எல்லாமே அடங்கி ஒலித்தால் அளவைக் குறைத்திருக்கிறார்கள். மற்ற எல்லாம் நன்றாக இருந்து, வசனம் மட்டும் எல்லாக் காட்சியிலும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் நடு ஸ்பீக்கரில் கோளாறு. அமைதியான காட்சியில் தெளிவாகக் கேட்டு, இசை ஏறும்போது மட்டும் வசனம் அமுங்கினால் அது படத்தின் மிக்ஸிங். கடைசி வகையை மட்டும் படத்தின் கணக்கில் எழுதுங்கள்.

எந்த இருக்கை நல்லது?

திரையிலிருந்து அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நட்ட நடுவில். ஒலியைச் சரிபார்ப்பவர்கள் அந்தப் பகுதியை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். படத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால், திரை உங்கள் பார்வையில் கிடைமட்டமாகக் குறைந்தது 36 பாகையை நிரப்ப வேண்டும் என்பது, அரங்குகளின் தரத்துக்குச் சான்றளிக்கும் டிஎச்எக்ஸ் நிறுவனத்தின் பரிந்துரை. திரையின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் அது கிடைக்கும். 12 மீட்டர் அகலத் திரைக்கு ஏறத்தாழ 18 மீட்டர். ஓர இருக்கையில் பக்கவாட்டு ஸ்பீக்கர் காதுக்கு அருகில் இருப்பதால் அதுவே வசனத்தை மறைக்கும். முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் "கேமரா ஆட்டம் தலைவலி" என்று எழுதுவது அந்தப் படத்துக்கு நியாயமாகாது.

ஐமேக்ஸ், அட்மாஸ், 3டி ஆகியவற்றுக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாமா?

அந்த வடிவத்துக்காகவே செய்த படமா என்று பாருங்கள். ஐமேக்ஸ் திரையின் விகிதம் 1.90, சில அரங்குகளில் 1.43. படம் முழுக்க 2.39இல் எடுத்திருந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான். பெரிய திரை, நல்ல ஒலி கிடைக்கும், கூடுதல் உயரம் கிடைக்காது. டால்பி அட்மாஸ் என்ற ஒலியமைப்பு 2012இல் வந்தது. 128 ஒலித்தடங்கள், 64 தனித்தனி ஸ்பீக்கர் வெளியீடுகள் வரை தாங்கும். மழை, காடு, விமானம் உள்ள படத்தில் மேற்கூரையிலிருந்து ஒலி வருவது நன்றாகத் தெரியும். அறைக்குள் இருவர் பேசிக்கொண்டே இருக்கும் படத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. 3டியைப் பொறுத்தவரை எங்கள் கருத்து கறாரானது: படமெடுத்த பிறகு 3டியாக மாற்றியது என்றால் 2டியிலேயே பாருங்கள். கண்ணாடி தின்னும் வெளிச்சத்துக்கு ஈடாக அதில் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை.

நடிப்பு நன்றாக இருந்ததா என்று எப்படிக் கணிப்பது?

அழுகையையும் கத்தலையும் விடுங்கள். அந்த நடிகர் பேசாமல், எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்கும் நேரத்தைப் பாருங்கள். கேட்பவரின் முகத்தில் அந்த வசனம் அப்போதுதான் முதன்முறையாக விழுகிறதா, அல்லது தன் முறை வருவதற்குக் காத்திருக்கிறாரா? நடிப்பைக் கணிக்க இதைவிட நம்பகமான அளவுகோல் எங்களுக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை எடுத்து, அதையே வெவ்வேறு காட்சிகளுக்கு அடுத்து ஒட்டினார். சூப் கிண்ணத்துக்கு அடுத்து வந்தபோது பசியும், சவப்பெட்டிக்கு அடுத்து வந்தபோது துக்கமும் அந்த முகத்தில் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னதாக வரலாறு. நாம் நடிப்பு என்று பாராட்டுவதில் ஒரு பங்கு வெட்டி ஒட்டியவருடையது. "அவர் நடிப்பு பிரமாதம்" என்பதைவிட "அந்தக் காட்சி பிரமாதம்" என்று எழுதினால் எல்லோருக்கும் பங்கு போகும். எப்படி எழுதினாலும் நடிகரின் உடல், நிறம், வயது பற்றி எழுத வேண்டாம். அது படத்தைப் பற்றிய கருத்தே அல்ல.

"கிராஃபிக்ஸ் மோசம்" என்று சொல்லும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உருவாக்கிய பொருள் தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே நிழல் இல்லையென்றால் பொருள் மிதக்கும். அடுத்து வெளிச்சத்தின் திசை: நடிகரின் முகத்தில் இடப்பக்கமிருந்தும், பின்னால் இருக்கும் மலையில் வலப்பக்கமிருந்தும் வெயில் அடித்தால் கண் உடனே சந்தேகப்படும், காரணம் தெரியாவிட்டாலும். தலைமுடியின் ஓரம் கத்தரித்ததுபோல் இருந்தால் பச்சைத்திரையைச் சரியாகப் பிரிக்கவில்லை. பெரிய மிருகம் சின்ன மிருகத்தின் வேகத்தில் திரும்பினால் எடை போய்விடும். இவற்றில் எது என்று ஒரு வரி எழுதினால் போதும். கவனிக்காமலேயே போன கிராஃபிக்ஸ்தான் படத்தில் பெரும்பாலும் அதிகம் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

லாஜிக் இல்லாத படத்தை ரசிக்கலாமா?

ரசிக்கலாம். படம் தானே போட்ட விதியைத் தானே மீறுகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. ஆள் பறப்பது ஓட்டை அல்ல. தண்ணீரில் பறக்க முடியாது என்று முன்னால் சொல்லிவிட்டுக் கடைசியில் தண்ணீரிலிருந்து பறந்தால் அது ஓட்டை.

ராட்டன் டொமேட்டோஸ், ஐஎம்டிபி, மெட்டாக்ரிட்டிக் மதிப்பெண்களை எவ்வளவு நம்பலாம்?

மூன்றும் படங்களுக்கு மதிப்பெண் காட்டும் இணையதளங்கள்தான், ஆனால் மூன்று வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன.

ராட்டன் டொமேட்டோஸில் 90 சதவீதம் என்றால் படத்துக்கு 100க்கு 90 என்று பொருளில்லை. விமர்சகர்களில் 90 சதவீதம் பேர் பரவாயில்லை அல்லது அதற்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லோருமே பத்துக்கு ஆறு கொடுத்த ஒரு படம் அங்கே 100 சதவீதம் வாங்க முடியும். 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சிவப்புத் தக்காளி, குறைந்தால் பச்சை. ஆகவே பாதுகாப்பான, யாரையும் புண்படுத்தாத படம் உயரும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி மீதிப் பேர் வெறுக்கும் துணிச்சலான படம் 50இல் நிற்கும். உங்கள் ரசனை இரண்டாவது வகை என்றால் இந்த எண் உங்களுக்கு உதவாது.

மெட்டாக்ரிட்டிக் ஒவ்வொரு விமர்சனத்தையும் 0 முதல் 100 வரையிலான மதிப்பாக மாற்றி, எடையிட்ட சராசரி, அதாவது சில விமர்சகர்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும் சராசரி, எடுக்கிறது. எவ்வளவு பிடித்தது என்பது இதில்தான் கொஞ்சமாவது தெரியும்.

ஐஎம்டிபி பார்வையாளர்களின் வாக்கு. சராசரியை விட்டுவிட்டு வாக்குகளின் பரவலைத் திறந்து பாருங்கள். 6, 7, 8இல் கூம்பு மாதிரி இருந்தால் இயல்பான கருத்து. 10இலும் 1இலும் மட்டும் இரண்டு கோபுரம் நின்றால் ரசிகர்களும் எதிர்ப்பாளர்களும் மோதிக்கொள்கிறார்கள், நடுவில் இருக்கும் சராசரி யாருடைய கருத்தும் அல்ல. படம் வெளியான முதல் சில நாட்களில் இப்படித்தான் இருக்கும். பத்து நாள் பொறுத்துப் பார்த்தால் தெளியும்.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் 1979 முதல் வெளியீட்டு நாளில் பார்வையாளர்களிடம் தாள் கொடுத்து, ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் கேட்கிறது. முதல் நாளே வருகிறவர்கள் ஆசையோடு வருகிறவர்கள் என்பதால் அங்கே 'பி' என்பதே சுமாரான செய்தி. உங்கள் நட்பு வட்டத்திலும் இதே கணக்கைப் போடலாம்: முதல் நாள் பார்த்தவரின் "பரவாயில்லை"யைக் கொஞ்சம் கழித்தே படியுங்கள்.

வசூல் அதிகம் என்றால் நல்ல படம்தானே?

இல்லை. மொத்த வசூலில் வரியும் அரங்கின் பங்கும் அடக்கம், தயாரிப்பாளர் கைக்குப் போவது அதில் ஒரு பகுதிதான். செலவுக் கணக்கிலும் விளம்பரச் செலவு பெரும்பாலும் சேர்ந்திருக்காது. முதல் வார இறுதி வசூல் விளம்பரத்தின் வெற்றியைக் காட்டும். மக்களுக்குப் பிடித்ததா என்பது இரண்டாம் வார இறுதியில் தெரியும். ஹாலிவுட் பெரிய படங்களில் பாதியாகக் குறைவது சாதாரணம். மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறைந்தால் வாய்மொழி வேலை செய்கிறது என்று பொருள்.

ட்ரெய்லரை நம்பி ஏமாந்தேன் என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அதைப் படத்தின் மதிப்பெண்ணில் கழிக்காதீர்கள். ட்ரெய்லரைப் பெரும்பாலும் வேறு எடிட்டர் வெட்டுகிறார், பல நேரம் படம் முடியும் முன்பே. அதிலுள்ள ஷாட் படத்தில் இல்லாமல் போவது சகஜம்.

ஸ்பாய்லர் இல்லாமல் எவ்வளவு கதை சொல்லலாம்?

முதல் 20 நிமிடத்தில் தெரிவதும், ட்ரெய்லரில் காட்டியதும் பாதுகாப்பு. பலர் தவறவிடும் இடம் வேறு: "கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்பதே ஸ்பாய்லர்தான். படிப்பவர் படம் முழுக்க அதையே தேடிக்கொண்டிருப்பார். "யாரையும் நம்பாதீங்க" என்பதும் அப்படியே. நடிகரின் பெயரைச் சொல்லி "கௌரவ வேடத்தில் வருகிறார்" என்று எழுதினால் அரங்கில் எழ வேண்டிய விசில் உங்கள் பதிவிலேயே முடிந்துவிடும்.

2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஜோனதன் லீவிட்டும் நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் நடத்திய ஆய்வில், முடிவு தெரிந்து சிறுகதை படித்தவர்கள் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள். ஸ்பாய்லர் கெடுதல் இல்லை என்று வாதிட இதைக் காட்டுவார்கள். அது சிறுகதை, இது பணம் கொடுத்துப் பார்க்கும் இரண்டரை மணி நேரம். முடிவைத் தெரிந்துகொண்டு பார்ப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பார்ப்பவருடையது.

5க்கு எத்தனை ஸ்டார் கொடுப்பது?

3 என்றால் என்ன என்பதை முதலில் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். "பார்த்ததில் வருத்தமில்லை, இன்னொரு முறை பார்க்க மாட்டேன்" என்பது நல்ல நடுப்புள்ளி. அங்கிருந்து ஏற்றி இறக்குங்கள். குழந்தைகள் படத்தையும் துப்பறியும் படத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிட வேண்டாம், அது முயன்றதை எவ்வளவு எட்டியது என்று பாருங்கள். நீங்கள் கொடுத்ததெல்லாம் 3.5க்கும் 4க்கும் நடுவிலேயே நிற்கிறது என்றால் உங்கள் மதிப்பெண்ணால் யாருக்கும் பயனில்லை.

படம் முடிந்ததும் எழுதலாமா, மறுநாள் எழுதலாமா?

குறிப்பை உடனே எடுங்கள், மதிப்பெண்ணை மறுநாள் போடுங்கள். ஓர் அனுபவத்தை அதன் உச்சமும் முடிவும் வைத்தே மனது நினைவில் கொள்கிறது என்று உளவியலாளர் டேனியல் கானமன் காட்டியிருக்கிறார். கிளைமாக்ஸ் பிரமாதம் என்றால் நடுவில் சலித்த 40 நிமிடம் மறந்துபோகும். கிளைமாக்ஸ் சொதப்பினால் நல்ல முக்கால்வாசிப் படம் மறந்துபோகும். பெயர்கள் ஓடும்போதே, நினைவில் நிற்கும் மூன்று காட்சிகளையும் சலித்த ஓர் இடத்தையும் போனில் தட்டிவைத்தால் போதும். படம் ஓடும்போது வேண்டாம், போன் வெளிச்சம் பின்வரிசையில் இருக்கும் பத்துப் பேரின் கண்ணில் படும்.

ஓடிடியில் பார்த்துவிட்டு எழுதினால் செல்லுமா?

செல்லும், வீட்டில் பார்த்தது என்று ஒரு வார்த்தை சேருங்கள். டிவியில் பார்ப்பதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள்: மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்ற பெயரில் இருக்கும். வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தில் டிவி தானாக இடைஃபிரேம்களை உருவாக்கிச் சேர்ப்பதால், எவ்வளவு செலவழித்த படமும் சீரியல் மாதிரி தெரியும். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தட்டினாலே போதும். "மேக்கிங் மலிவாக இருக்கிறது" என்ற கருத்துகளில் பல இந்த ஓர் அமைப்பால் வந்தவை.

டப்பிங்கில் பார்த்தால்?

குரல், வசனம் இரண்டையும் பற்றிய கருத்தை டப்பிங்குக்கு மட்டும் சொல்லுங்கள். உதட்டசைவுக்குப் பொருத்துவதற்காக வசனத்தை நீட்டுவார்கள், சுருக்குவார்கள். ஜோக் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

கடைசியில் அந்த நாலு வரியை எப்படி எழுதுவது?

முன்பு சொன்ன அக்கா தம்பிக் கதையையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதுவது: "மேக்கிங் சூப்பர், பிஜிஎம் வெறித்தனம், செகண்ட் ஹாஃப் லேக், ஒருமுறை பார்க்கலாம்." இதில் படத்தின் பெயரை மாற்றினால் எந்தப் படத்துக்கும் பொருந்தும்.

மாற்றி எழுதினால்: "காணாமல் போன தம்பியைத் தேடும் அக்காவின் கதை. வெற்று வீட்டில் அவனுடைய செருப்பைப் பார்த்து அவள் நிற்கும் இடத்தில் இசையே இல்லை, அங்கேதான் தொண்டை அடைத்தது. அவள் விசாரிக்கும் மூன்று பேரும் ஒரே தகவலைச் சொல்வதால் நடுவில் கதை நகரவில்லை. வேகமான திரில்லர் எதிர்பார்த்தால் வேண்டாம், குடும்ப உறவு பிடிக்கும் என்றால் பாருங்கள். எங்கள் அரங்கில் வசனம் சரியாகக் கேட்கவில்லை, அதைப் படத்தின் குறையாக எண்ணவில்லை."

யாருக்குப் பிடிக்கும் என்ற வரியை மட்டும் எப்போதும் விடாதீர்கள். படிப்பவருக்கு மிகவும் பயன்படுவது அதுதான்.

நான் எழுதியதை ஒருவர் கடுமையாக மறுக்கிறார். என்ன செய்வது?

எந்தக் காட்சி என்று கேளுங்கள். காட்சியைச் சொன்னால் பேசலாம். நீங்கள் கவனிக்காத ஏதோ ஒன்றை அவர் பார்த்திருக்கக்கூடும், அப்படியானால் உங்கள் பதிவிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். காட்சி எதையும் சொல்லாமல் நடிகரின் பெயரையும் வசூலையும் மட்டும் சொன்னால் அங்கே பேச்சு படத்தைப் பற்றியதாக இல்லை, விட்டுவிடலாம்.